60 நிமிடத்துக்குப் பின் பிறக்கும் மூன்றாவது புள்ளி

ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் வட்டாரத்தின் பண்டாராயா ஸ்டேடியத்தில் பினாங்கு அணி ஆடி முடித்த இரவில், ரசிகர்கள் கைப்பேசியில் முதலில் தேடுவது புள்ளிப் பட்டியலை. வென்றால் 3, சமநிலை என்றால் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றுமில்லை. 2020இல் மலேசிய பிரிமியர் லீக்கை வென்று பினாங்கு மேல் பிரிவுக்கு ஏறியதும், அடுத்த ஆண்டே சூப்பர் லீக்கில் மூன்றாம் இடத்தைப் பிடித்ததும் இந்தக் கணக்கில்தான். பழகிப்போனதால் இந்த எண்கள் விளையாட்டோடு கூடப்பிறந்தவை என்று தோன்றும். உண்மையில் யாரோ ஒரு குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவுசெய்த எண்கள் இவை. வேறு எண்களை எழுதியிருந்தால் வேறு மாதிரி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆட்ட முடிவுகளை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் தரவரிசையாகத் தள்ளும் இயந்திரம் என்று புள்ளிமுறையைச் சொல்லலாம். தான் எதை அளக்கிறதோ அதையே இந்த இயந்திரம் மாற்றவும் செய்கிறது. இதை நன்றாகக் காட்டுவது காற்பந்து அல்ல, பினாங்கின் வெயிலுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஐஸ் ஹாக்கி.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், சுருக்கமாக என்எச்எல், 1917இல் தொடங்கியது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள். ஓர் ஆட்டம் 20 நிமிடப் பகுதிகள் மூன்று கொண்டது. கோல்காப்பாளரைத் தவிர்த்துப் பக்கத்துக்கு ஐந்து பேர் சறுக்கியபடி ஆடுவார்கள். நெடுங்காலம் கணக்கு எளிமையாக இருந்தது: வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1, தோல்விக்கு 0. போர்க்கால ரயில் நேரங்களுக்காக 1942இல் கைவிட்ட கூடுதல் நேர ஆட்டத்தை 1983இல் ஐந்து நிமிடமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. கூடுதல் நேரத்தில் தோற்றால் கையிலிருந்த ஒரு புள்ளியும் போய்விடும் என்பதால், இரு அணிகளும் அந்த ஐந்து நிமிடத்தைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கழித்தன. இதற்கு மருந்தாக 1999-2000 பருவத்தில் ஒரு விதி வந்தது. 60 நிமிட முடிவில் சமநிலை என்றால் இரு அணிகளுக்கும் தலா ஒரு புள்ளி உறுதி. கூடுதல் நேரத்தில் வெல்பவருக்கு இன்னொன்று. இழக்க எதுவும் இல்லாததால் துணிந்து தாக்குவார்கள் என்பது எதிர்பார்ப்பு. 2005-06இல் ஷூட்அவுட்டைச் சேர்த்துச் சமநிலை என்ற முடிவையே ஒழித்தார்கள். 2015-16 முதல் கூடுதல் நேரத்தில் பக்கத்துக்கு மூன்று பேர் மட்டும். அந்த ஐந்து நிமிடம் இப்போது உண்மையிலேயே கண்ணுக்கு விருந்துதான். அதற்கான விலையை அதற்கு முந்தைய 60 நிமிடம் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கும். சம பலமுள்ள இரண்டு அணிகள். இன்னும் ஐந்து நிமிடம். கோல் கணக்கு 2-2. துணிந்து ஆடி 60 நிமிடத்துக்குள் முடிவு காண முயன்றால், வெல்லவும் தோற்கவும் சரிபாதி வாய்ப்பு: 2 அல்லது 0, சராசரியாக 1. எதுவும் செய்யாமல் மணி அடிக்கும்வரை பந்தை, மன்னிக்கவும், பக் எனும் ரப்பர் வட்டை ஓரத்திலேயே சுற்றவிட்டால் ஒரு புள்ளி உறுதி, மேலே இன்னொரு புள்ளிக்குப் பாதி வாய்ப்பு, சராசரி 1.5. சும்மா இருப்பதற்கு அரைப் புள்ளி கூலி. அந்தக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். 60 நிமிடத்தில் முடிந்த ஆட்டத்தில் லீக் இரு அணிகளுக்கும் சேர்த்து 2 புள்ளி தருகிறது. இழுபட்ட ஆட்டத்தில் 3. இல்லாத ஒரு புள்ளி காற்றிலிருந்து பிறக்கிறது. அணிகள் இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிந்து, பிரிவுக்கு எட்டு பிளேஆஃப் இடங்களுக்காகப் போராடுகின்றன என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிரே நிற்பது மற்றப் பிரிவின் அணி என்றால், அதற்கு ஒரு புள்ளி போவதால் இவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. இரண்டு பயிற்சியாளர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலேயே உடன்பாட்டுக்கு வந்துவிட முடியும்.

இதன் விளைவு தரவரிசையில் எப்படித் தெரியும் என்பதற்கு 2011-12 பருவத்தைவிட நல்ல சான்று கிடைக்காது. தென்கிழக்கு உட்பிரிவில் வாஷிங்டன் கேபிட்டல்ஸ் 82 ஆட்டங்களில் 42 வெற்றி பெற்றது. 32 ஆட்டங்களில் 60 நிமிடத்துக்குள் தோற்றது. 8 முறை கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ தோற்றது. மொத்தம் 92 புள்ளி. ஃபுளோரிடா பாந்தர்ஸ் வென்றதோ 38 ஆட்டங்கள்தான். ஆனால் அதன் தோல்விகளில் 18 ஆட்டங்கள் 60 நிமிடம் தாண்டியவை. மொத்தம் 94 புள்ளி, உட்பிரிவின் முதலிடம். ஆடிய 82இல் 44 ஆட்டங்களைத் தோற்ற ஓர் அணி, தன்னைவிட நான்கு ஆட்டங்கள் கூடுதலாக வென்ற அணியை முந்திவிட்டது. ஃபுளோரிடாவைக் குறைசொல்ல ஏதுமில்லை. இருந்த விதிக்குள் ஆடியது. விதி அதற்குப் பரிசளித்தது.

சீர்திருத்தம் கேட்பவர்கள் சொல்லும் மாற்று மிக எளிது. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3. கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ வென்றால் 2. அப்படித் தோற்றால் 1. நேரடித் தோல்விக்கு 0. எப்படி முடிந்தாலும் ஓர் ஆட்டத்தின் மதிப்பு 3தான். பங்கு மட்டும் மாறும். முந்தைய கணக்கை இதில் போட்டால் துணிந்தாலும் சராசரி 1.5, சும்மா இருந்தாலும் 1.5. சோம்பலுக்குக் கூலி நின்றுவிடுகிறது. இது யாரும் சோதித்துப் பார்க்காத யோசனையும் அல்ல. உலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் உலகச் சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் இதுதான் நடைமுறை. 2024 ஜனவரியில் தொடங்கிய வட அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக் முதல் நாளிலிருந்தே இப்படித்தான் எண்ணுகிறது. மலேசியர்களுக்கு நெருக்கமான திடல் ஹாக்கியில், 2019இல் தொடங்கிய உலக அளவிலான புரோ லீக்கும் சமநிலைக்குப் பின் ஷூட்அவுட் வைத்து 2-1 என்று பிரிக்கிறது.

தமிழ் ரசிகர்கள் இதே கோளாறைத் தங்கள் ஆட்டத்திலேயே பல ஆண்டுகள் பார்த்திருக்கிறார்கள். புரோ கபடி லீக்கில் வெற்றிக்கு 5, சமநிலைக்கு ஆளுக்கு 3, ஏழு அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் 1 என்று கணக்கு இருந்தது. ஒருதலையான வெற்றியில் பிறப்பது 5 புள்ளி. நெருக்கமான ஆட்டத்திலும் சமநிலையிலும் 6. ஆறு புள்ளி பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில் என்ன செய்யும்? துணிந்து ஆளைப் பிடிக்கப் போய் ஆல்அவுட் ஆனால் கையிலிருக்கும் ஒரு புள்ளியும் போகும். ரெய்டர் கோட்டைத் தாண்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பி நேரத்தைக் கரைப்பார். பதைபதைக்க வைக்கும் முடிவாக இருந்திருக்க வேண்டிய நிமிடத்தில் தோற்கும் அணியே கடிகாரத்தை ஓட்டும் வேடிக்கை அது. 2025இல் நடந்த 12ஆம் பருவத்தில் இதைத் தூக்கிப்போட்டு, வெற்றிக்கு 2, தோல்விக்கு 0 என்று மாற்றிவிட்டார்கள். சமநிலை என்றால் கூடுதல் ரெய்டுகள் வைத்து முடிவு காண்கிறார்கள். தமிழ் தலைவாஸ் இனி நூலிழையில் தோற்றாலும் ஆறுதல் பரிசு இல்லை. கொஞ்சம் கடுமைதான், ஆனால் நேர்மை.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒரு விதி தெரிகிறது. ஆட்டம் இழுபடும்போது பங்கிடும் மொத்தப் புள்ளி குறையலாம், அப்படியே இருக்கலாம், கூடக் கூடாது. காற்பந்தில் சமநிலை என்றால் மொத்தம் 3இலிருந்து 2ஆகக் குறைகிறது. நார்வே செஸ் தொடரிலும் அப்படியே: கிளாசிக்கல் ஆட்டத்தை வென்றவருக்கு 3, டிரா ஆனால் அர்மகெதான் எனும் முடிவுகாண் ஆட்டம் வைத்து 1.5, 1 என்று பிரிக்கிறார்கள், மொத்தம் 2.5. 2024இல் பிரக்ஞானந்தா மேக்னஸ் கார்ல்சனைக் கிளாசிக்கல் ஆட்டத்தில் வீழ்த்தியபோது மூன்றையும் முழுதாக வாங்கிக்கொண்டார். என்எச்எல் மட்டும் எதிர்த்திசையில் ஓடுகிறது.

அப்படியானால் காற்பந்து போலப் புள்ளியைக் குறைப்பதுதானே இன்னும் நல்லது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் சான்று அவ்வளவு தெளிவாகத் துணைநிற்கவில்லை. 1888இல் இங்கிலாந்து லீக் தொடங்கியதிலிருந்து வெற்றிக்கு 2 புள்ளிதான். காற்பந்து நிர்வாகி ஜிம்மி ஹில் முன்னின்று வாதாடியதால் 1981இல் அது 3 ஆனது; 1994 உலகக் கோப்பையில் ஃபிஃபாவும் ஏற்றது; 1995இல் ஸ்பெயின் லீக்கும் பின்தொடர்ந்தது. ஸ்பெயினில் நடந்த அந்த மாற்றத்தை லூயிஸ் கரிகானோ, இக்னாசியோ பலாசியோஸ்-வெர்தா என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அணிகள் தொடக்கத்தில் கூடுதலாகத் தாக்கின. ஆனால் ஒரு கோல் முன்னிலை கிடைத்ததும் தடுப்பாட்டத்துக்கு மாறின. முரட்டு ஆட்டமும் ஃபவுல்களும் கூடின. மொத்த கோல்கள் கூடவில்லை. மூன்று புள்ளி கையில் இருக்கும்போது அதை இழக்கும் பயமும் பெரிதாகிறது. வெற்றியின் விலையை ஏற்றிக்கொண்டே போவது தீர்வாகாது என்பதற்கு இது எச்சரிக்கை. ஐஸ் ஹாக்கியில் 3-2-1-0 முறையை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அது யாரையும் தாக்கச் சொல்லி விரட்டவில்லை, சும்மா இருப்பதற்குத் தரும் லஞ்சத்தை மட்டும் நிறுத்துகிறது.

மாற்றத்தை எதிர்ப்பவர்கள் மூன்று வாதங்கள் வைக்கிறார்கள். கூடுதல் புள்ளியால் பட்டியல் நெருங்கியே இருக்கிறது, பருவத்தின் கடைசி வாரம்வரை பல ஊர்களில் நம்பிக்கை மிச்சமிருக்கிறது, அரங்குகள் நிரம்புகின்றன என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் அந்த நெருக்கம் பாதி மாயை. பின்தங்கிய அணி ஏற முயலும்போது, மேலே இருக்கும் அணியும் தோற்றபடியே ஒரு புள்ளி வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. தூரம் சிறியதாகத் தெரியும், கடக்கத்தான் முடியாது. நேரடி வெற்றிக்கு 3 என்றால் பின்தங்கியவர் ஓர் இரவில் மூன்று புள்ளி ஏறலாம். இரண்டாவது வாதம், பழைய பருவங்களைப் புதிய முறையில் கூட்டிப் பார்த்தாலும் வரிசை பெரிதாக மாறுவதில்லை என்பது. புத்திசாலித்தனமாகத் தெரிந்தாலும் இதுதான் மூன்றிலும் பலவீனமானது. அந்த ஆட்டங்கள் பழைய விதிக்கு ஏற்ப ஆடப்பட்டவை. கடைசி ஐந்து நிமிடத்தில் வட்டை ஓரத்தில் சுற்றவிட்டவர்கள் புதிய விதியில் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். விதி மாறினால் ஆட்டம் மாறும் என்பதுதானே பேச்சே.

மூன்றாவது, வரலாற்றுச் சாதனைகளை ஒப்பிட முடியாமல் போய்விடும் என்ற கவலை. 1976-77இல் மாண்ட்ரியால் கனடியன்ஸ் 80 ஆட்டங்களில் 60 வெற்றி, 8 தோல்வி, 12 சமநிலையோடு 132 புள்ளி எடுத்தது. 2022-23இல் பாஸ்டன் புரூயின்ஸ் 82 ஆட்டங்களில் 65 வெற்றி, 12 நேரடித் தோல்வி, 5 கூடுதல் நேரத் தோல்வியோடு 135 எடுத்து அதைக் கடந்தது. மாண்ட்ரியால் வாங்கிய ஒற்றைப் புள்ளிகள் சமநிலைக்கு வந்தவை. பாஸ்டன் வாங்கியவை தோற்றதற்கு வந்தவை. பாஸ்டனின் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்த இரண்டு எண்களும் 1999இலும் 2005இலுமே வெவ்வேறு நாணயங்களாகிவிட்டன. காப்பாற்ற வேண்டிய தொடர்ச்சி ஏற்கெனவே அறுந்துபோனது.

புள்ளிமுறையைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணக் கூடாது. தென்கிழக்காசிய நாடுகளின் காற்பந்துத் தொடரான 1998 டைகர் கோப்பையில், ஹோ சி மின் நகரில், தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. இரண்டும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தேறியிருந்தன. வென்றால் ஹனோயில் வியட்நாமை எதிர்கொள்ள வேண்டும் என்பதால் எவருக்கும் வெல்ல விருப்பமில்லை. கடைசியில் இந்தோனேசியத் தடுப்பாட்டக்காரர் முர்ஷித் எஃபெண்டி தன் வலைக்குள்ளேயே வேண்டுமென்று பந்தை அடித்தார். வெற்றிக்கு எத்தனை புள்ளி கொடுத்திருந்தாலும் அந்த கோலைத் தடுத்திருக்க முடியாது. பழுது அடுத்த சுற்றின் அட்டவணையில் இருந்தது. என்எச்எல்லின் பழுது அப்படிச் சிக்கலானதல்ல. ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாற்றாமலிருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் எதுவும் என் பார்வையில் நிற்கவில்லை.

மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் கபடி, ஃபுட்சால், ஹாக்கித் தொடர்கள் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரசிகர்களைக் கவர போனஸ் புள்ளி வைக்கும் ஆசை எல்லா அமைப்பாளர்களுக்கும் வரும். விதித்தாளை அச்சுக்கு அனுப்பும் முன், ஓர் ஆட்டம் எத்தனை விதமாக முடியலாம் என்று எழுதி, ஒவ்வொன்றிலும் இரு அணிகளுக்கும் சேர்த்து எத்தனை புள்ளி போகிறது என்று கூட்டிப் பாருங்கள். இழுபட்ட ஆட்டத்தின் கூட்டுத்தொகை நேரடி வெற்றியின் கூட்டுத்தொகையை எங்காவது தாண்டினால், அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.