பரணில் கிடக்கும் போர்ப்பாட்டு

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும். அதே ஈரம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கேசட்டுக்குள்ளும் இறங்குகிறது. என்றோ ஒரு கோயில் கொடையில் பதிவான வில்லுப்பாட்டு அதில் இருக்கலாம். இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய சண்டை ஒன்று அந்தப் பாட்டில் இருக்கலாம்.

சண்டைக்குப் பஞ்சமில்லாத மண் இது. இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள நெற்கட்டுஞ்செவல் பாளையத்தை ஆண்டவர் பூலித்தேவர். 1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கப்பம் கேட்டது. அவர் கொடுக்கவில்லை. கோட்டையை உடைக்கத் தக்க பீரங்கி இல்லாமல், உணவும் குறைந்துபோய், ஹெரான் திரும்பினார். 1761-ல் கம்பெனியின் தளபதி, கான்சாகிபு எனப்படும் யூசுப்கான் வந்து நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். மூன்றே ஆண்டில், 1764-ல், அதே யூசுப்கானை ஆற்காடு நவாபும் கம்பெனியும் சேர்ந்து மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

இந்தப் போர்களைக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் புத்தகமாக எழுதினார். ஊர் மக்கள் பாட்டாகக் கட்டினார்கள். பூலித்தேவருக்குச் சிந்து பிறந்தது. அவரை வென்ற யூசுப்கானுக்கும் ‘கான்சாகிபு சண்டை’ பிறந்தது. குடல் சரிந்தபோது தலைப்பாகையை அவிழ்த்து வயிற்றில் கட்டிக்கொண்டு போரிட்டதாகப் பூலித்தேவரின் படைவீரர் வெண்ணிக் காலாடியை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. வெட்டுப்பட்டுச் செத்தவன் தெய்வமாகி நிற்பான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. யார் ஜெயித்தார் என்பதைவிட யார் எப்படி இறந்தார் என்பதைத்தான் பாட்டு விடாமல் பிடித்துக்கொண்டது.

வில்லுப்பாட்டின் கருவியும் போர்க்களத்தை நினைவூட்டுவதுதான். ஏறத்தாழ பத்தடி நீள வில்லைக் குடத்தின் கழுத்தில் சாய்த்து, மணிகள் குலுங்க வீசுகோலால் நாணைத் தட்டுகிறார் புலவர். பக்கத்தில் இருப்பவர் கமுகம்பாளையில் செய்த பத்தியால் குடத்தின் வாயில் அடிக்கிறார். வாயருகே இருக்கும் காற்று ஓர் அடைப்பான்போல உள்ளே இறங்கி, வயிற்றுக்குள்ளிருக்கும் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்று சுருள்கம்பிபோல அதைத் திருப்பித் தள்ளுகிறது. வினாடிக்குப் பல பத்து முறை நடக்கும் இந்தத் தள்ளாட்டம்தான் நாம் கேட்கும் ‘கும்’. குடத்தின் வயிறு பெரிதானால் ஒலி தாழும். வாய் அகன்றால் ஏறும். இந்த இயக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்காக எழுதினார். அந்தக் கணக்கு தெரியாமலே நம் குடக்காரர்கள் தட்டிப் பார்த்து ஏற்ற குடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் வழியாக 1971-ல் கட்டபொம்மன் கதைப்பாடலும், 1972-ல் கான்சாகிபு சண்டையும் அச்சேறின. சொல் பிழைத்தது. ஆனால் புலவர் எங்கே மூச்சு வாங்கினார், பின்பாட்டுக்காரர் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார், வீரன் விழும் இடத்தில் குடம் எப்படி அடங்கியது என்பதெல்லாம் அச்சுக்குள் வராது.

ஒலிப்பதிவு அதைத் தரும். இன்னொரு உண்மையையும் காட்டும். 1930-களில் மில்மன் பாரி என்ற அமெரிக்கர் யூகோஸ்லாவியாவில் எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்களின் வீரக் கதைகளைப் பதிந்தார். ஒரு தட்டு சில நிமிடத்தில் நிறைந்துவிடும் என்பதால் இரண்டு சுழல்தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டார். அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் 1935-ல் ஒரே கதையை 12,000 அடிகளுக்கு மேல் பாடினார். அவர் அதை வரிக்கு வரி மனப்பாடம் செய்திருக்கவில்லை. படை புறப்பாடு, குதிரை வர்ணனை, வஞ்சினம் என்று தயாராக இருக்கும் தொடர்களை அந்தந்த நொடியில் கோத்துக் கதையைப் புதிதாகக் கட்டினார். ஆகவே ஒவ்வொரு பதிவும் ஓர் இரவின் பாட்டு. அதே ஊரில், அதே புலவர் மறுநாள் பாடினாலும் அது வேறு பாட்டு.

அந்த இரவை நம் ஊர்களில் பெரும்பாலும் தாங்கியிருப்பது கேசட்தான். 1963-ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட்டில் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. புலவர் வினாடிக்கு ஐந்து அசை பாடினால், ஓர் அசைக்குக் கிடைக்கும் இடம் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பிளாஸ்டிக் நாடாமேல் பசையில் ஒட்டியிருக்கும் துகள்களின் காந்தத் திசை அவர் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மாறி நிற்கிறது. பல ஆண்டு சுற்றியே கிடந்தால் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாகப் படியும். அப்போது வில் ஒலிப்பதற்கு இரண்டு மூன்று வினாடி முன்பே அதன் நிழல் மெல்லக் கேட்கும்.

நிழலோடு கேட்கலாம். ஈரம்தான் ஆபத்து. காற்றிலுள்ள நீர் பசையின் மூலக்கூறுகளை மெல்ல உடைக்கிறது. பசை பிசுபிசுத்து, துகள் உதிர்கிறது. சாரல் காலத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. உதிர்ந்த ஒவ்வொரு சென்டிமீட்டரோடும் ஓர் அசை போகிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கேசட் இருந்தால் அடுத்த சாரலுக்கு முன்பே எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள், நாடா அறுந்துவிடலாம். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். பாடியவர் பெயர், ஊர், கொடை நடந்த ஆண்டு மூன்றையும் மறக்காமல் எழுதிவையுங்கள். நெற்கட்டுஞ்செவல் சண்டையைப் பாடத் தெரிந்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால், கையிலிருக்கும் செல்போனோடு இன்றே போய் அவர் முன்னால் உட்காருங்கள்.