பண்டிகைக் காலத்தில் வீட்டுப் பறவைகளைப் பாதுகாத்தல்

தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் ஆகிய பெருநாட்களுக்குக் கமக்காரர் வீட்டைக் கழுவி முற்றத்தை மெழுகிப் பலநாள் முன்னரே ஆயத்தஞ் செய்வர். அவ்வாயத்தத்திற் கோழிக்கூட்டையும் கிளிக்கூட்டையும் நினைப்பவர் சிலரே. பண்டிகை கழிந்தபின், "கோழிகள் சோர்ந்து கிடக்கின்றன, முட்டையுமில்லை" என்று எம்மிடம் வருவர். அப்பொழுது செய்யக்கூடியது சொற்பமே.

முதலில் வெடியைப் பற்றிக் கூறுவோம். பொங்கற் பானை பொங்கும் விடியற்காலையிற் கோழிகள் இன்னும் கூட்டினுள்ளேயே இருக்கும். இருளில் அவற்றுக்குக் கண் நன்கு தெரியாது. ஓசை கேட்டவுடன் ஒரு மூலையில் ஒன்றன்மேலொன்று ஏறி நெருங்கும். அடியில் அகப்பட்ட குஞ்சுகள் மூச்சுத்திணறி இறக்கும். கூட்டிலுள்ள கிளிகள் கம்பியில் மோதிச் சிறகை முறித்துக் கொள்ளும். ஆகவே வெடி கொளுத்தும் இடம் கூட்டிலிருந்து இயன்றவரை தூரத்திலிருத்தல் வேண்டும். கிளிக்கூட்டை முதல்நாள் மாலையே உள்ளறைக்குக் கொண்டுசென்று, மூன்று பக்கமும் தடித்த துணியால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்காகத் திறந்துவிடுக. அறையிற் சிறு விளக்கொன்று எரிவது நன்று. விடிந்ததும் வெடிக் கடதாசிகளைக் கூட்டி அள்ளிய பின்னரே கோழிகளைத் திறந்து விடுக. எஞ்சிய வெடிமருந்தைக் கொத்தினால் அது நஞ்சாகும்.

அடைக்கோழி வைப்போர் நாட்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குஞ்சு பொரிக்க 21 நாட்கள் செல்லும். இடையில் வெடிக்கு அஞ்சிக் கோழி எழுந்தோடி நெடுநேரம் திரும்பாவிடின், தை மாதக் குளிரில் முட்டைகள் ஆறிக் கருக்கள் அழியும். அந்நாட்கள் பண்டிகையின் குறுக்கே விழாதவாறு அடைவைத்தலே உத்தமம்.

புகையோ ஓசையிலுங் கொடியது. பறவைகளுக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு; ஆதலின் காற்றிலுள்ள நஞ்சு அவற்றின் உடலில் மிக விரைவாகச் சேரும். இதை எழுதுவோன் தன் வீட்டிலேயே இப்பாடத்தைக் கற்றான். பலகாரம் சுடும் நாளில், இரண்டு சிறு கிளிகளின் கூடு குசினி வாயிலில் தொங்கியது. ஒட்டாத பூச்சுள்ள தாச்சியொன்று வெறுமனே அடுப்பிலிருந்து அளவுக்கு மிஞ்சிக் காய்ந்துவிட்டது. மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லை. கிளிகளிரண்டும் அரைமணி நேரத்துள் இறந்தன. பிள்ளைகளுக்கு விடை கூறுவது எளிதாயிருக்கவில்லை. சாம்பிராணிப் புகை, எண்ணெய்ப் புகை, விறகுப் புகை யாவற்றுக்கும் எட்டாத இடத்திற் கூட்டை வைக்க.

விருந்தினர் அன்பினாற் கொடுப்பவற்றையுங் கவனிக்க. உப்புப் பலகாரம், ஊறுகாய், சொக்கலேற்று, அவகாடோப் பழம் ஆகியன கிளிகளுக்கு ஆகா. தினை, சாமை, குரக்கன், கழுவிய கீரை ஆகியன போதும்.

எல்லாவற்றிலும் பெருநட்டம் விளைப்பது இராணிக்கெற் நோயே. தீபாவளிக்கும் நத்தாருக்கும் சந்தையிற் கோழி வாங்குவது வழக்கம். அக்கோழியை அறுக்கும்வரை வீட்டுக் கோழிகளோடு விடுவதே நாம் செய்யும் பிழை. நோய்கொண்ட பறவை சில நாட்கள் குணங்குறி காட்டாதிருக்கலாம். அதன் எச்சமும், கழுவிய நீரும், இறகும், குடலும் நோயைப் பரப்பும். பின்னர் வாயைத் திறந்து மூச்சுவிடுதல், பச்சைநிறக் கழிச்சல், சிறகு தொங்குதல், கழுத்து முறுகுதல் என்பன காணப்படும். புறாவுக்கும் கிளிக்கும் இந்நோய் வரக்கூடும். வந்தபின் மருந்தில்லை. வளர்ப்பதற்கு வாங்கிய பறவையை 21 நாட்களேனும் வேறிடத்தில் வைத்து, வீட்டுக் கோழிகளுக்கு முதலிலும் அதற்குக் கடைசியிலும் தீனியிடுக. அறுத்த கழிவை ஆழக் குழிதோண்டிப் புதைக்க. தடுப்பு மருந்து ஏற்றிய அன்றே பலன் தராது. பண்டிகை நாட்களில் அலுவலகங்களும் மூடியிருக்கும். ஆதலின் மூன்று கிழமைக்கு முன்னரே அரசாங்க மிருக வைத்தியரைக் காண்க.

பண்டிகைக்கு உறவினர் வீடு செல்வோர், ஒரு பாத்திரம் கவிழ்ந்தாலும் மற்றது எஞ்சுமாறு இரண்டு பாத்திரங்களில் நீர் வைத்து, கூட்டை நிழலில் விட்டு, அயல்வீட்டாரிடம் காலையும் மாலையும் பார்க்கச் சொல்லிச் செல்க. சித்திரை வெயிலில் ஒருநாள் நீரில்லாதிருப்பதே சிறு கிளிக்குப் போதும்.