அறைக்குள் ஒரு சூரியன்: முழு வாகனத்தையும் சோதிப்பது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலை ஜொகூர் கடற்பாலத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பழகிப்போன அனுபவம் இது. 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் மகிழுந்து நகராது. தார்ச்சாலை அனல் வீசும். ஓடும்போது ஜில்லென்று இருந்த ஏர்கோன் இப்போது வெறும் காற்றைத்தான் ஊதும். "ஏர்கோன் கெட்டுப்போச்சா?" என்று பின்னால் இருந்து குரல் வரும்.

பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. ஏர்கோன் உள்ளே இழுத்த வெப்பத்தை, வண்டியின் முன்புறம் உள்ள சுருள்குழாய்தான் வெளியேற்ற வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் சுலபமாக்கும். நின்றுவிட்டால் சிறு விசிறி மட்டுமே துணை. இயந்திரமும் மெதுவாகச் சுழல்வதால் பெட்ரோல் வண்டியின் அழுத்தியும் மெதுவாகவே இயங்கும். இந்த நிலைமையைத் தொழிற்சாலைக்காரர்கள் முன்கூட்டியே சோதிக்கிறார்கள். அதற்கான இடம்தான் தட்பவெப்பச் சோதனை அறை.

வெளியிலேயே வெயில் இருக்கே, அறை எதற்கு?

மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் ஊரில் காலையில் சுளீரென்று வெயில், பிற்பகலில் கொட்டும் மழை. இன்று செய்த சோதனையை நாளை அதேபோல் திரும்பச் செய்ய முடியாது. அறிவியல் பாடத்தில் படித்ததை நினைவுகூருங்கள். தற்சார்பு மாறி ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலையாக வைத்தால்தான் முடிவை நம்பலாம். அறைக்குள் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், வெயிலின் கடுமை நான்கையும் நம் விருப்பப்படி நிறுத்திவைக்கலாம்.

இந்த எண்ணம் புதியதல்ல. இரண்டாம் உலகப் போரில் கடுங்குளிரில் அமெரிக்க விமானங்களும் கருவிகளும் செயலிழந்தன. அதன் விளைவாக ஃபுளோரிடாவில் கட்டப்பட்ட மெக்கின்லி தட்பவெப்ப ஆய்வகம் 1947-இல் சோதனைகளைத் தொடங்கியது. ஒரு முழு விமானத்தையே உள்ளே நிறுத்தி, சுமார் -54 முதல் 74 பாகை செல்சியஸ் வரை சோதிக்க முடியும். ஆஸ்திரியாவின் வியன்னாவில் இரயில் பெட்டிகளுக்காக 100 மீட்டர் நீளச் சோதனைக்கூடம் உள்ளது. அங்கே -45 முதல் 60 பாகை வரை உண்டாக்கலாம்.

செயற்கைச் சூரியன்

அறையைச் சூடாக்கினால் மட்டும் போதாது. வெயில் என்பது வேறு. தெளிவான நண்பகலில் தரையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. அதில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்புக் கதிரும்தான் பெரும்பகுதி. புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. ஆனால் சாயத்தை வெளுக்கச் செய்வதும் நெகிழியை வெடிக்கச் செய்வதும் பெரும்பாலும் அந்தக் கொஞ்சம்தான்.

ஆகவே வெறும் சூடேற்றி விளக்கு உதவாது. சூரிய ஒளியை ஒத்த நிறமாலை கொண்ட மெட்டல் ஹேலைடு விளக்குகளைக் கூரையில் வரிசையாகப் பொருத்துகிறார்கள். வளிமண்டலம் தடுத்துவிடும் குறுகிய புற ஊதாக் கதிர்களை வடிகட்டிக் கண்ணாடி நீக்கிவிடும்.

பிறகு சோதனை மூன்று கட்டமாக நடக்கும். முதலில் வண்டியைச் செயற்கை வெயிலில் நிறுத்தி உள்ளே நன்றாகச் சூடேற விடுவார்கள். அடுத்து, உருளைகளின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு, எதிர்க்காற்றை ஊதி, ஏர்கோன் எவ்வளவு நேரத்தில் குளிர்விக்கிறது என்று தலை மட்டத்திலும் கால் மட்டத்திலும் உணரிகளால் அளப்பார்கள். கடைசியில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை மட்டும் ஓட விடுவார்கள். நம் கடற்பாலக் காட்சி அதுதான்!

ஏன் முழு வண்டி?

ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதித்தால் போதாதா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1.4 மீட்டர் நீள எஃகுச் சட்டம் 50 பாகை சூடேறினால்:

1,400 மி.மீ. × 0.000012 × 50 = 0.84 மி.மீ.

அதன் மேல் பொருத்திய நெகிழிப் பலகை எஃகைவிட ஐந்து மடங்கு விரிவதாக வைத்துக்கொண்டால் 4.2 மி.மீ. நீளும். இரண்டும் தனித்தனியே தேறியிருக்கும். சேர்த்துப் பூட்டினால் ஒன்றை ஒன்று இழுத்து, பலகை வளையும், 'கிறீச்' சத்தம் வரும். கூட்டாக இருக்கும்போதுதான் குறை தெரியும்.

"நம்ம ஊர்ல பனியே இல்லையே, குளிர் சோதனை எதுக்குங்க ஐயா?" என்றும் மாணவர் கேட்கலாம். ஒரே வகை வண்டி பல நாடுகளில் விற்கப்படுகிறது. ஐரோப்பிய விதிப்படி, உறைகுளிரில் கண்ணாடியில் படிந்த பனியில், ஓட்டுநர் பார்க்கும் முக்கியப் பகுதியில் 80 விழுக்காடு 20 நிமிடத்தில் விலக வேண்டும்.

எண்கள் சொல்லும் எச்சரிக்கை

அமெரிக்காவின் அரிசோனாவில் 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வெளியே 38 பாகைக்கு மேல் இருந்த நாள்களில், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய மகிழுந்துகளின் உள்வெப்பம் சராசரியாக 47 பாகை. முன்பலகை 69 பாகை. நிழலில் நிறுத்தியவற்றிலும் உள்ளே 38 பாகை. இரண்டு வயதுக் குழந்தையின் உடல் வெப்பம் ஆபத்தான 40 பாகையைத் தொட, வெயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரமும் நிழலில் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் போதும் என்று அந்த ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

ஜொகூரில் 38 பாகை அரிது. ஆனால் கண்ணாடி வழியே ஒளி நுழைந்து, சூடான காற்று வெளியேற முடியாமல் அடைபடுவது எங்கும் ஒன்றுதான். மறதியால் வண்டியில் விடப்பட்ட பிள்ளைகள் நம் நாட்டிலும் இறந்திருக்கிறார்கள். "கடைக்குப் போய் அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்பது வேண்டவே வேண்டாம். பின்னிருக்கையில் கைப்பையை வைக்கும் பழக்கம் நல்லது. இறங்கும்போது பின்னால் பார்க்க வைக்கும். மாணவர்கள் இதை வீட்டில் சொன்னாலே இந்தப் பாடத்துக்குப் பயன் கிடைத்துவிடும்.

வகுப்பறைக்கு

1. இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் வெப்பமானி வைத்து, ஒன்றைத் திறந்தும் ஒன்றை மூடியும் 20 நிமிடம் வெயிலில் வையுங்கள். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றை மாணவர்கள் எழுதட்டும்.
2. மேலே உள்ள விரிவுக் கணக்கை 30 பாகை உயர்வுக்குச் செய்க. (விடை: எஃகு 0.504 மி.மீ., நெகிழி 2.52 மி.மீ.)
3. 'நிறுத்திய மகிழுந்தில் பிள்ளைகள்: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்' எனும் தலைப்பில் உரை எழுதுக. எண் ஆதாரம் இரண்டாவது இடம்பெற வேண்டும்.