உடைக்க முடியாத கல்

காலை நிகழ்ச்சியில் விண்கல் பற்றிய செய்தியை வாசித்தால் போதும், ஒரு நேயராவது தொலைபேசியில் வந்துவிடுவார். "ஏன் தம்பி, அது பூமி பக்கம் வந்தா ஒரு குண்டைப் போட்டு உடைச்சிட வேண்டியதுதானே?" நியாயமான கேள்விதான். ஆனால் உடைக்க அது ஒரே கல்லாக இருக்க வேண்டுமே!

பென்னு என்ற சிறுகோளைப் பாருங்கள். ஏறக்குறைய 500 மீட்டர் அகலம். 2182 செப்டம்பர் 24 அன்று அது பூமியில் மோத 2,700-இல் ஒரு வாய்ப்பு இருப்பதாக நாசா கணித்திருக்கிறது. 2020 அக்டோபர் 20 அன்று ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் மண் எடுக்க அதில் கையை ஊன்றியது. தரை தாங்கவில்லை. மளிகைக்கடைப் பச்சைப்பயறு மூட்டைக்குள் கைவிட்டதுபோல் அரை மீட்டர் உள்ளே போய்விட்டது! உடனே பின்னோக்கிப் பறந்திராவிட்டால் இன்னும் புதைந்திருக்கும். பென்னுவின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உள்ளே ஏறக்குறைய பாதி வெற்றிடம். மெல்லிய ஈர்ப்பில் ஒட்டிக்கிடக்கும் கற்குவியல் அது. குண்டு போட்டால் சிதறலாம்; சிதறியவை எங்கே போகும் என்பதுதான் தலைவலி.

இத்தகைய குவியல்கள் வேகமாகச் சுற்றவும் முடியாது. 200 மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் 2.2 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிப்பவை மிக அரிது. அந்த வேகத்தை மீறினால் கற்கள் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். பென்னு 4.3 மணிக்கு ஒருமுறை சுற்றுகிறது. அந்த வேகமும் கூடிக்கொண்டே போகிறது. காரணம் வெயில்! சூடேறிய பரப்பு அந்த வெப்பத்தைத் திரும்ப வெளிவிடும்போது மெல்லிய உந்துதல் பிறக்கிறது. மேடுபள்ளமான உருவம் என்பதால் எல்லாப் பக்கமும் அது சமமாக இருப்பதில்லை. நூறு ஆண்டுகளில் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி குறைகிறது. கேட்கச் சிரிப்பு வரும். சிறுகோளுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயுள் இருக்கிறதே!

அடுத்து வருவது அப்போஃபிஸ். நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.16 மணிக்கு, சித்திரைப் புத்தாண்டு அன்று, பூமிக்கு 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும். மோதாது, பயப்பட வேண்டாம். ஆனாலும் நம் கூரைத் தட்டுக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்களே 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. அப்போஃபிஸ் ஒரே சீராகச் சுற்றாமல் தள்ளாடி உருளும் ரகம். பூமியின் ஈர்ப்பு அந்தத் தள்ளாட்டத்தையே மாற்றிவிடலாம். பென்னுவின் 121.6 கிராம் மண்ணை 2023-இல் பூமியில் இறக்கிவிட்ட அதே விண்கலம், பெயரை மாற்றிக்கொண்டு இப்போது அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.