அறுபது சுழற்சிகள்

நுழையும்முன்

மேல்நிலை வகுப்பில் அடியெடுத்து வைத்தபோது, கணிதமா உயிரியலா என்னும் கேள்வியை நீங்கள் எதிர்கொண்டிருப்பீர்கள். பாடப்பிரிவுகள் நம் வசதிக்காக வகுக்கப்பட்டவை. இயற்கை அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. சமன்பாடுகளை ஆராய ஓர் இளைஞர் கண்ட கணிதம், நூற்றாண்டுக்கும் மேலான காலம் கடந்து, உயிரணுவைத் தாக்கும் வைரஸின் அமைப்பை விளக்கியது. அவ்வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குலம் என்பது யாது?

சதுர ஓடு ஒன்றை 90 பாகை சுழற்றினால், அது முன்போலவே தோன்றும். 180, 270 பாகை சுழற்றினாலும், சுழற்றாமலே விட்டாலும் அவ்வாறே. இந்நான்கு செயல்களில் எவ்விரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் அந்நான்கில் ஒன்றே விளையும். ஒவ்வொன்றின் விளைவையும் நீக்கும் செயலும் அவற்றுள்ளேயே உண்டு. இவ்வாறு தம்முள் நிறைவுற்ற செயல்களின் தொகுதியை இயற்கணிதம் ‘குலம்’ என்று அழைக்கிறது.

இக்கருத்துக்கு வித்திட்டவர் பிரான்சு நாட்டின் எவாரிஸ்ட் கால்வா. ஒரு சமன்பாடு எப்போது சூத்திரத்திற்கு அடங்கும் என்பதை, அதன் தீர்வுகள் இடம்மாறும் முறைகளைக் கொண்டு அவர் விளக்கினார். 1832இல் துப்பாக்கிச் சண்டையொன்றில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 20. அவருடைய ஆய்வுரை 1846இல்தான் அச்சேறியது. ஐந்தாம்படிச் சமன்பாட்டுக்குப் பொதுச்சூத்திரம் அமையாததன் காரணம், 60 உறுப்புகள் கொண்ட ஒரு குலத்தில் அடங்கியிருக்கிறது.

அதே குலம் வடிவியலிலும் தோன்றுகிறது. 20 சமபக்க முக்கோண முகங்கள் கொண்ட திண்மத்தை மேசைமீது வைப்பதாகக் கொள்வோம். எந்த முகமும் அடியில் அமையலாம். ஒவ்வொரு முகத்தையும் மூன்று விதமாகத் திருப்பி வைக்கலாம். ஆகவே, அதன் சுழற்சிகள் 20 × 3 = 60.

வைரஸின் சிக்கனம்

போலியோ வைரஸின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 7,500 எழுத்துகளைக் கொண்டது. மூன்று எழுத்துகள் ஓர் அமினோ அமிலத்தைக் குறிப்பதால், 2,500 அமினோ அமிலங்களுக்கு மேல் அதில் எழுதிவைக்க இயலாது. ஆனால், அதன் புரத உறையில் உள்ளவையோ 50,000க்கும் மேற்பட்டவை. சிறிய குறிப்பைக்கொண்டு பெரிய உறையைக் கட்டுவது எவ்வாறு? ஒரே அலகைத் திரும்பத் திரும்பச் சமச்சீராக அடுக்குவதே வழியென 1956இல் கிரிக், வாட்சன் ஆகியோர் கருதினர்.

லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் போலியோ வைரஸை எக்ஸ் கதிர்களால் ஆராயத் தொடங்கினார். 1958இல் அவர் மறைந்தபின், உடன் பணியாற்றிய ஆரோன் குளூக், ஜான் பிஞ்ச் ஆகியோர் அவ்வாய்வைத் தொடர்ந்து 1959இல் முடிவை வெளியிட்டனர். அவ்வைரஸின் உறை, இருபது முகத் திண்மத்தின் சமச்சீர்மையைப் பெற்றிருந்தது. அவ்வுறையில் உள்ள அலகுகள் 60. சுழற்சிக்கு ஓர் அலகு!

பயன் கருதாத் தேடல்

உறைப் புரதங்கள் தாமாகவே ஒன்றுகூடும் இயல்புடையவை. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியில், நோய் பரப்பும் மரபுப்பொருள் இல்லாத வெற்றுறை மட்டுமே இடம்பெறுகிறது. உறையின் வடிவைக் கண்டு நம் உடல் எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்கிறது.

கால்வாவின் காலத்தில் வைரஸ் என்பதை எவரும் கண்டதில்லை. தம் சமன்பாடுகளால் விளையும் பயன் யாதென அவரிடம் வினவியிருந்தால், விடை கூற இயன்றிராது. உடனடிப் பயனை மட்டும் அளவுகோலாகக் கொண்டு அறிவை அளப்போர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.