டிஷ்வாஷர் ஸ்டார்ட் ஆகவில்லையா? நெய்வேலி மாமா பார்க்கச் சொன்ன ஐந்து இடங்கள்!

பொங்கல் முடிந்த கையோடு நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது டிஷ்வாஷர். அதன் மேல் மாவு டப்பா, ஒரு சீப்பு வாழைப்பழம், பழைய நாள்காட்டி என்று அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் சிங்க் நிறைய பாத்திரம். அத்தை வலது மணிக்கட்டில் வலிக்குப் போடும் பட்டையோடு குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் என்ன ஆச்சு அத்தை?"

"கெட்டுப் போச்சுடி. ஒரு வாரம் ஆச்சு. பெங்களூர்ல இருக்கிறவன்கிட்ட மட்டும் சொல்லிடாத. அவ்வளவு பணம் போட்டு வாங்கிக் கொடுத்தான். நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்."

கை வலிக்காக மகன் வாங்கிக் கொடுத்த மெஷின் அது. 'பாத்திரம் தேய்க்கக்கூட மெஷினா?' என்று அக்கம்பக்கத்தில் கேட்டபோதே அத்தைக்குக் கொஞ்சம் கூச்சம். இப்போது அது நின்றுபோனதும், வலியைப் பொறுத்துக்கொண்டு கையால் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் மகனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேறு. நம் வீடுகளில் எத்தனையோ பெரியவர்கள் இப்படித்தான். பிள்ளைகள் வாங்கித் தந்த பொருள் நின்றுபோனால், தாங்களே தப்பு செய்துவிட்டதாக நினைத்து மறைத்துவிடுகிறார்கள்.

கூச்சப்பட இதில் எதுவுமே இல்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தவரே ஒரு பெண்தான். அமெரிக்காவைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் வைக்கப்பட்டன. பாத்திரம் தேய்க்கிற பாடு 130 வருடங்களுக்கு முன்பே ஒரு பெண்ணை யோசிக்க வைத்திருக்கிறது!

"கெட்டுப் போகலை... காத்திருக்கு!"

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வந்த மாமா எங்கள் பேச்சைக் கேட்டார். அவருக்கு அனல்மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் வேலை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். சமையலறை மெஷின் அத்தையின் இலாகா என்று அதுவரை அதைத் தொட்டதே இல்லை.

"லைட் எரியுதா?" என்று கேட்டார். எரிகிறது என்றார் அத்தை. "அப்போ கெட்டுப் போச்சுன்னு ஏன் முடிவு பண்றே? எதுக்காகவோ காத்திருக்குன்னு நினை" என்றார் மாமா.

நெய்வேலி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. 1962-ல் முதல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் இயங்க ஆரம்பித்தது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறியது. பெரிய மெஷின் எதுவும் பட்டனை அமுக்கியதும் ஓடிவிடாது. எண்ணெய் அழுத்தம் சரியா, வால்வு திறந்திருக்கிறதா என்று சில நிபந்தனைகள் உண்டு. அதை 'பெர்மிசிவ்' என்பார்கள். 'ஓடலாம்' என்ற அனுமதி. ஒன்று குறைந்தாலும் மெஷின் நகராது.

பழுப்பு நிலக்கரியைக் கொண்டு போகும் கன்வேயர் பெல்ட்டும் அப்படித்தான். கரியை வாங்கிக்கொள்ள வேண்டிய பெல்ட் முதலில் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் அதில் கொட்டும் பெல்ட் ஓடும். இல்லாவிட்டால் கரி நடுவில் குவிந்துவிடும். பெல்ட்டின் ஓரமாக ஒரு கயிறு நீளத்துக்கும் போகும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து நிறுத்தலாம். அந்த ஸ்விட்சைப் பழையபடி சரிசெய்து வைக்கும்வரை பெல்ட் ஓடாது.

டிஷ்வாஷரும் இதே ஜாதிதான். மின்சாரம், கதவு, பட்டன், தண்ணீர், அடித்தட்டு என ஐந்தும் சரி என்று தெரிந்தால்தான் வேலையைத் தொடங்கும். வரிசை மாறாமல் பார்த்தால் காரணம் பிடிபடும். நாங்கள் பார்த்த வரிசை இதோ.

1. மின்சாரம்

லைட்டே எரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிளக் பாயின்ட். டிஷ்வாஷர் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதே பாயின்ட்டில் வேறு ஒரு சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் குறை மெஷினில் இல்லை.

அடுத்து, மீட்டர் பெட்டிப் பக்கம் எம்.சி.பி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒரு முறை தூக்கிவிடலாம். மறுபடியும் விழுந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் விழுந்தால் மின்கசிவு இருக்கலாம். அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது உயிரோடு விளையாடுவது.

தண்ணீரைச் சூடாக்கும்போது டிஷ்வாஷர் சுமார் 2,000 வாட் இழுக்கும். அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர். எனவே எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஸ்விட்ச் போர்டு சூடாக இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அத்தை வீட்டில் லைட் எரிந்தது. முதல் இடம் சரி.

2. கதவு

'க்ளிக்' என்று சத்தம் வரும்படி கதவு மூடியதா? பூட்டு முழுதாக விழாவிட்டால் மெஷின் ஓடாது. சுடுதண்ணீர் வெளியே பீச்சியடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது.

நம் ஊர்ப் பாத்திரங்களில் இந்தப் பிரச்னை அதிகம். சாம்பார் கரண்டியின் காம்பு, வாணலியின் கைப்பிடி, பெரிய தாம்பாளம் ஏதாவது முன்னால் நீட்டிக்கொண்டு கதவைத் தடுக்கும். கூடையை முழுவதும் உள்ளே தள்ளுங்கள். கதவு ஓரத்து ரப்பரில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். சில மாடல்களில் ஸ்டார்ட் பட்டனை அழுத்திய சில விநாடிகளுக்குள் கதவை மூட வேண்டும். தாமதித்தால் மறுபடி அழுத்த வேண்டியதுதான்.

அத்தை வீட்டில் கதவு 'க்ளிக்' என்றது.

3. பட்டன்கள்

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இங்கே சந்தேகப்படுங்கள். பேனலில் சாவி அல்லது பூட்டுப் படம் தெரிந்தால் சைல்டு லாக் விழுந்திருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் அதற்குரிய பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் விடுபடும்.

'3h' என்பது போல மணிக்கணக்கு தெரிந்தால், 'டிலே ஸ்டார்ட்' வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மெஷின் மூன்று மணி நேரம் கழித்து ஓடக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்!

இன்னொன்று, பாதியில் நின்ற பழைய சுற்று. கரன்ட் போய் வந்தால் பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த நேரத்தில் பதறிப்போய் எல்லா பட்டன்களையும் அமுக்காதீர்கள். மேனுவலில் சொன்னபடி ரீசெட் செய்தால், உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

உப்பு தீர்ந்தது, ரின்ஸ் எய்ட் தீர்ந்தது என்று எரியும் லைட்டுகள் பெரும்பாலும் நினைவூட்டல் மட்டுமே. அதனால் மெஷின் நின்றிருக்காது.

4. தண்ணீர்

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்து வெளியேற்றினால்தான் கரி வெட்ட முடியும். "அங்கே தண்ணி வெளியே போனாதான் வேலை, இங்கே தண்ணி உள்ளே வந்தாதான் வேலை" என்று சிரித்தபடியே மாமா சிங்க்குக்கு அடியில் குனிந்தார்.

மெஷினுக்குப் போகும் குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா? வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாராவது மூடியிருக்கலாம். ஹோஸ் மடங்கி நசுங்கியிருக்கிறதா? குழாயை மூடிவிட்டு, அங்கிருந்து ஹோஸைக் கழற்றினால் பெரும்பாலும் ஒரு சின்ன வலை இருக்கும். மணலும் துருவும் அதை அடைத்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள்.

தண்ணீர் வேகமும் முக்கியம். பல மாடல்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் தேவை. தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சுமார் 1 பார் கிடைக்கும். அந்தக் கணக்கில், 3 மீட்டர் உயரத்தில் மொட்டை மாடித் தொட்டி இருந்தால் 0.3 பார்தான். அதனால்தான் மேல் மாடி வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். சுலபமான சோதனை: அதே குழாயில் 10 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் கவலை இல்லை. நிறைய மிகவும் தாமதமானால் பிளம்பரிடம் பேசுங்கள்.

எங்கள் பக்கெட் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தது. ஹோஸும் சரி. மெஷினை ஆன் செய்ததும் 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம் மட்டும் விடாமல் வந்தது. தண்ணீர் உள்ளே வரவில்லை.

"ஏதோ ஒண்ணை வெளியே இறைக்கப் பார்க்குது" என்றார் மாமா.

5. அடித்தட்டு

பல டிஷ்வாஷர்களின் அடியில் ஒரு தட்டு இருக்கும். எங்காவது ஒழுகினால் தண்ணீர் அதில் சேரும். சேர்ந்ததும் அங்கே இருக்கும் மிதவை மேலே எழும்பி ஒரு ஸ்விட்சைத் தட்டும். உடனே மெஷின் தண்ணீரை உள்ளே விடாமல், பம்ப்பை மட்டும் ஓட்டும். வீடு நனையாமல் இருக்க ஏற்பாடு. ஆனால், அந்த பம்ப்பால் அடித்தட்டுத் தண்ணீரை எடுக்க முடியாது. அதனால் மெஷின் அங்கேயே நின்றுவிடும்.

அடித்தட்டுக்குத் தண்ணீர் எப்படிப் போனது? மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டிஷ்வாஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு. இங்க கடையில கிடைக்கலை. அதான் சாதாரணமா பாத்திரம் தேய்க்கிற லிக்விடை ரெண்டு ஸ்பூன் ஊத்தினேன். ஒரே நுரை. அப்புறம்தான் நின்னுச்சு."

மர்மம் விலகியது. கையால் தேய்க்கும் லிக்விட் நுரை வருவதற்காகவே தயாரிக்கப்படுவது. டிஷ்வாஷருக்கான பவுடரும் மாத்திரையும் நுரை மிகக் குறைவாக வரும்படி தயாரிக்கப்படுபவை. உள்ளே தண்ணீர் வேகமாகச் சுழன்று அடிக்கும்போது லிக்விட் நுரையாகப் பொங்கி, இடுக்குகளில் வழிந்து அடித்தட்டில் சேர்ந்துவிட்டது. மெஷின் கெடவில்லை. தன்னையும் வீட்டையும் காப்பாற்றிக்கொண்டு காத்திருந்தது!

பிளக்கைக் கழற்றினோம். குழாயை மூடினோம். கூடைகளை வெளியே எடுத்து, உள்ளே மிச்சமிருந்த நுரையைத் துணியால் ஒற்றி எடுத்தோம். தரையில் பழைய துண்டுகளை விரித்து, நானும் மாமாவும் மெஷினை இரண்டு பக்கமும் பிடித்து லேசாகச் சாய்த்தோம். அடியிலிருந்து சோப்புத் தண்ணீர் வழிந்து வந்தது. அன்று முழுவதும் காயவிட்டோம். மறுநாள் காலை சோப்பே போடாமல் ஒரு முறை வெறும் தண்ணீரில் அலசவிட்டோம். மெஷின் ஓடியது.

ஓர் எச்சரிக்கை: டிஷ்வாஷர் 45 - 50 கிலோ இருக்கும். தனியாகச் சாய்க்காதீர்கள். வயதானவர்கள் முயல வேண்டாம். அலமாரிக்குள் பொருத்திய மெஷினை அசைக்கவே கூடாது. அதை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். சரியான சோப்பு போட்டும் அடித்தட்டில் மறுபடி தண்ணீர் சேர்ந்தால் உள்ளே நிஜமாகவே ஒழுக்கு இருக்கிறது.

எப்போது மெக்கானிக்?

கருகிய வாடை, தொட்டால் ஷாக், மீண்டும் மீண்டும் விழும் ஸ்விட்ச், ரீசெட் செய்த பிறகும் போகாத எரர் கோட்... இவற்றில் எது இருந்தாலும் பிளக்கைக் கழற்றிவிட்டு சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள். அடிப்பக்கத்து மூடியைத் திறந்து நீங்களே பார்க்க வேண்டாம்.

போன் செய்யும்முன் மூன்றை எடுத்து வையுங்கள்: கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணின் போட்டோ, திரையில் தெரியும் எரர் கோட், வாங்கிய பில். மெஷின் செய்யும் சத்தத்தை 20 விநாடி வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. மேலே சொன்ன ஐந்தையும் பார்த்துவிட்டதாகச் சொன்னால், டெக்னீஷியன் தேவையான பாகத்தோடு வர வசதியாக இருக்கும்.

அன்று சாயங்காலம் அத்தை தானே மகனுக்கு வீடியோ கால் போட்டார். லிக்விட் ஊற்றிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். "இதுக்கா ஒரு வாரம் கையை நோகடிச்சுக்கிட்டே? அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்று மகன் கேட்டபோது, அத்தையிடம் பதில் இல்லை. இரண்டு மாதத்துக்கான மாத்திரையை அவன் அப்போதே ஆர்டர் செய்துவிட்டான்.

இந்த வாரம் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் பேசும்போது, 'நல்லா இருக்கீங்களா?' என்பதோடு 'வீட்ல மெஷின் எல்லாம் ஓடுதா?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எந்த மெஷின் மேலாவது மாவு டப்பா உட்கார்ந்திருக்கலாம்!