சர்வர் கடிகாரத்தில் கை வைக்கும் முன்

அன்னவாசல் கடைவீதியில் ஒரு மருந்துக்கடை என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் பில் போடும் இரண்டு கம்ப்யூட்டர்கள். பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, ஸ்டாக்கும் கணக்கும் குடியிருக்கும் சர்வர். இரவெல்லாம் கரண்ட் இல்லை, யு.பி.எஸ்.ஸும் தீர்ந்துவிட்டது. பிப்ரவரி 3 காலையில் சுவிட்சைப் போட்டால், திரையில் பல வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு ஜனவரி 1. அந்தத் தேதியை நம்பினால், அலமாரியில் காலாவதியாகிக் கிடக்கும் மாத்திரைகூட இன்னும் பல வருஷம் தாங்கும் சரக்குதான்.

கடைக்காரர் சர்வீஸ் பையனுக்குப் போன் போடுகிறார். “தேதி மட்டும்தானே தம்பி, நானே மாத்திடுறேன்.”

“இருங்கண்ணே. அதுக்குள்ள யாராச்சும் பில் போட்டுட்டாங்களா?”

கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கோளாறு என்னவோ சின்னது. மதர்போர்டில் சி.ஆர். 2032 என்று ஒரு 3 வோல்ட் காசு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தை அதுதான் ஓட்டுகிறது. அது செத்தால் இயந்திரத்துக்கு நாள் கிழமை தெரியாது. பேட்டரி நன்றாக இருந்தாலும் அந்தக் கடிகாரம் நாளுக்கு ஓரிரு விநாடி பிசகும். மெஷின் கிளம்பும்போது லினக்ஸோ விண்டோஸோ அதைப் பார்த்துத் தன் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது. அதன்பிறகு இரண்டும் தனித்தனி. ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய தப்பு திரும்பி வந்து நிற்கும்.

சரி, கடைக்காரர் பொறுக்கவில்லை. 3/2 என்று தட்டிவிட்டார். மெஷின் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் படிப்பது. அதற்கு இன்று மார்ச் 2. நேரம் ஒரு மாதம் முன்னால் போனதும், பேக்கப்புக்கு எழுதி வைத்த நிரல் விழிக்கிறது. ‘7 நாளுக்கு மேல் பழையதை அழி’ என்பது அதற்கு இட்ட கட்டளை. ஜனவரி கடைசியில் எடுத்ததெல்லாம் இப்போது அதற்குப் பழையதுதான். எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது.

மதியம் தப்பு தெரிந்து தேதியைப் பின்னால் இழுத்தால் அடுத்த வினை. காலையில் போட்ட பில்கள் மார்ச்சில், மாலையில் போட்டவை பிப்ரவரியில். ‘கடைசியாக விற்றது எது’ என்று கேட்டால் சாஃப்ட்வேர் மார்ச்சைத்தான் காட்டும். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் காசாண்ட்ரா போன்ற தரவுத்தளங்களில் இன்னும் மோசம். ஒரே விவரம் இரண்டு முறை எழுதப்பட்டால், எதன் நேர முத்திரை பிந்தியதோ அதுவே செல்லும். மார்ச் முத்திரையோடு எழுதியதைப் பிப்ரவரியில் திருத்தினால் அந்தத் திருத்தம் எடுபடாது. எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதுதான் கொடுமை.

ஒரு நாடே கடிகாரத்தைப் பின்னால் இழுத்த கதை பக்கத்திலேயே இருக்கிறது. 1996 மே மாதம், மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை தன் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரல் 15 நள்ளிரவு தாண்டி 12.30 ஆனதும், மீண்டும் 12 மணி என்று வைத்துப் பழைய நேரத்துக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவே இல்லை. பத்து வருஷம் ஒரே தீவில் இரண்டு நேரம். அந்த ஏப்ரல் இரவில் 12.10 என்பது இரண்டு முறை வந்தது. உள்ளூர் நேரத்தை மட்டும் குறித்து வைத்த பதிவேட்டில் எது முதல் 12.10, எது இரண்டாவது என்று பிரிக்க வழியில்லை.

ஒழுங்காக அமைத்த சர்வருக்கு இதில் சிக்கலே கிடையாது. உள்ளே அது வைத்திருப்பது உலகப் பொது நேரம். லினக்ஸில் அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிவரும் விநாடிக் கணக்கு. ஐந்தரை மணி கூட்டி நமக்குக் காட்டுவது வெறும் தோற்றம். ஆகவே திரையில் சரியாக ஐந்தரை மணி வித்தியாசம் தெரிந்தால் கடிகாரத்தைத் தொடாதீர்கள், நேர மண்டல அமைப்பைப் பாருங்கள். என் கணிப்பில், கடிகாரக் கோளாறு என்று வரும் புகார்களில் பாதி இந்த வகைதான்.

பதிவில் காலம் தெளிவில்லை என்றால் பின்னால் வருகிறவர்கள் ஆராய்ச்சி பண்ண வேண்டியதுதான். அன்னவாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சித்தன்னவாசல் ஓவியங்களை மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனிபசேகரன் என்ற பாண்டியன் காலத்தில் மதுரை இளங்கௌதமன் செய்த திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு வாசிக்கப்பட்ட பிறகுதான் பேச்சு ஒன்பதாம் நூற்றாண்டுக்கு நகர்ந்தது.

கடைக்கு வருவோம். முதலில் எல்லோரையும் வெளியேற்றி, பில்லிங்கையும் தரவுத்தளத்தையும் நிறுத்த வேண்டும். நேரம் பார்த்து ஓடும் தானியங்கி வேலைகளையும்தான். ஒரு பேக்கப் எடுத்து பென் டிரைவில் கழற்றி வையுங்கள். பிறகு நேரத்தை வைத்து, உள் கடிகாரத்திலும் எழுதி, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுச் சேவைகளைத் திறக்கலாம். கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடியிருந்தால் ஒரு சுலப வழி உண்டு. எல்லாவற்றையும் நிறுத்தி, நேரத்தைச் சரியாக்கி, பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து திறந்தால், எந்தப் பதிவும் பின்னால் போகாது. ஒரு டீ குடிக்கும் நேரம்.

நிறுத்தவே முடியாத சர்வர் என்றால் மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகும் பஸ் அன்னவாசலுக்கு முன்கூட்டியே வந்துவிட்டால் டிரைவர் ரிவர்ஸ் எடுப்பதில்லை, அடுத்து மெதுவாக ஓட்டுகிறார். லினக்ஸில் இப்படி நகர்த்தும் வழக்கமான வேகம் பத்து லட்சத்துக்கு 500. அதாவது ஒரு விநாடியைச் சரிக்கட்ட 2000 விநாடி, சுமார் 33 நிமிடம். ஒரு நிமிடப் பிசகுக்கு 33 மணி நேரம். இணையத்திலிருந்து நேரம் வாங்கித் தரும் என்.டி.பி. நிரல், வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் வழக்கமாகக் கையை விரித்து வெளியேறிவிடும். ஆளைக் கூப்பிடு என்று அதற்கு அர்த்தம்.

உங்கள் இடத்தில் கைரேகை வைத்து ஆதார் சரிபார்க்கிறீர்கள் என்றால், நேரம் தப்பினால் அதுவும் ஓடாது. அனுப்பும் கோரிக்கையின் நேரம் மிகப் பழையதாக இருந்தால் 561, எதிர்காலத்தில் இருந்தால் 562 என்று பிழை எண் வரும். கைரேகை பிடிக்கவில்லை என்று பாட்டியின் விரலைத் திரும்பத் திரும்பத் துடைக்கச் சொல்லும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் தேசியத் தகவல் மையத்தின் நேர சர்வரோடோ, டெல்லியில் அணுக் கடிகாரம் வைத்திருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரோடோ, அவற்றோடு ஒத்துப்போகும் வேறொன்றோடோ இணைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இணைத்துவிட்டால் கையால் தேதி மாற்றும் வேலை பெரும்பாலும் வராது.

உங்கள் கடை சர்வர் வாங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தால், இந்த வாரமே ஒரு நாள் இரவு கடை சாத்தியபின் அந்தக் காசு பேட்டரியை மாற்றிவிடுங்கள். நூறு ரூபாய்க்குள் முடியும்.